ஜப்பான் கார் செட்டிலும் பலநாள் படகிலும் ஐபொட், போன் பாட்டுக் கேட்பது எப்படி?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 2014 ஆம் ஆண்டு டொயோட்டா அக்ஸியோ ஹைபிரிட் கார். ஜப்பானிலிருந்து வந்தபோது இருந்த நெவிகேஷன் செட்தான் இன்னும் அதில் இருக்கிறது. அப்பாவிடம் பழைய பாட்டுகள் நிறைந்த ஐபொட் கிளாசிக் ஒன்று, இவரிடம் அண்ட்ரொய்ட் போன். போன் பாட்டை வானொலி அலையாகச் செட்டுக்கு அனுப்பும் எஃப்.எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கிப் போட்டால் கரகரப்பு. ஓக்ஸ் வயரில் (ஹெட்ஃபோன் துளையிலிருந்து செட்டுக்குப் போகும் வயர்) போட்டால், சார்ஜரைச் செருகியதும் கீச்சென்று ஓர் இரைச்சல். என்ன செய்யலாம்? புதுச் செட் வாங்கினால், பழையதை டிக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் மாமாவின் பலநாள் படகில் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகு) பூட்டலாமா?

கொழும்பில் வாகன ஓடியோ வயரிங்கோடு பல காலம் பழகியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு போகும் பாதை ஒன்று, கரண்ட் போகும் பாதை இன்னொன்று. எல்லாரும் முதலாவதைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள்: எந்தக் கேபிள், எந்தப் புளூடூத், எந்தச் செட். தொல்லை வருவதோ அநேகமாக இரண்டாவதில். உங்கள் காரில் கேட்கும் கீச்சொலியும் அதுதான், மாமாவின் படகில் வரக்கூடிய பெரிய சிக்கலும் அதுதான்.

செட்டை மாற்றும் எண்ணத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். ஜப்பானில் பூட்டிய டொயோட்டா செட்களில் நம்மவர்கள் தொடாமலே விட்ட வழிகள் சில இருக்கும். மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து என்பதால் யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. போனில் கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து கமராவைத் திரைக்கு முன் பிடித்தால் மெனுவை ஓரளவு வாசித்துவிடலாம். அதில் புளூடூத் ஓடியோ என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சில செட்களில் புளூடூத் இருந்தும் அது தொலைபேசி அழைப்புக்கு மட்டும்தான். அழைப்புக்கு ஒரு முறை, ஸ்டீரியோ பாட்டுக்கு வேறொரு முறை. அழைப்பு வேலை செய்கிறதே, பாட்டு ஏன் வரவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். இணைக்கும்போது இரகசிய எண் கேட்டால் 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள்.

அடுத்து, குளோவ் பொக்ஸுக்குள்ளும் ஆசனங்களுக்கு நடுவே உள்ள பெட்டிக்குள்ளும் யூ.எஸ்.பி வயர் ஏதாவது சுருட்டிக் கிடக்கிறதா என்று தேடுங்கள். பின்பக்கத்தில் வி.டி.ஆர் என்ற பெயரில் ஓர் உள்ளீடும் பல செட்களில் உண்டு. வீடியோ கமரா இணைப்பதற்காக வைத்தது என்றாலும் அதன் வழியே பாட்டையும் உள்ளே அனுப்பலாம். கார் ஓடும்போது படம் மறையும், ஒலி தொடர்ந்து வரும். அதற்குரிய நாலு வளைய 3.5 மி.மீ. கேபிள்கள் முதலாம் குறுக்குத் தெருவில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வளையங்களின் ஒழுங்கு எல்லாக் கேபிளிலும் ஒன்றல்ல. ஒரு பக்கம் பாட்டும் மறுபக்கம் உறுமலும் வந்தால் கேபிள் பழுதென்று வீசிவிடாதீர்கள். மஞ்சள் முனையையும் சிவப்பு முனையையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் அந்தக் கேபிளின் ஏர்த் (கரண்ட் திரும்பிப் போகும் எதிர்முனை) வேறு வளையத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வேறு வகை கேபிள் வாங்க வேண்டியதுதான்.

இந்த வேலைகளுக்கு நடுவே யாராவது "பட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்வோம்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். டொயோட்டாவின் ஜப்பான் நெவிகேஷன் செட்கள் பலவற்றில், மின்சாரம் அறுந்து திரும்ப வந்ததும் செட் பூட்டிக்கொள்ளும். வரைபட எஸ்.டி கார்டைப் போடச் சொல்லும், அல்லது திறப்பு இலக்கம் கேட்கும். கார்டு கப்பலேறும் முன்பே தொலைந்திருந்தால் வானொலிகூட வேலை செய்யாது. கார்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு கை வையுங்கள். பாதுகாப்புக்காக இன்னொன்று: ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் உறை போட்ட கேபிள்கள் உயர் மின்னழுத்தம் போகிறவை, அவற்றைத் தொடவே கூடாது. டாஷ்போர்டுக்குள் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது எயார்பேக்குக்குரியது. மல்டிமீட்டர் முனையைக்கூட அதில் வைக்கக் கூடாது.

யூ.எஸ்.பி இருந்தால் அதுவே முதல் வழி. பாட்டு இலக்க வடிவிலேயே செட்டுக்குள் போய், அங்கேதான் ஒலியாக மாறுகிறது. அதனால் வழியில் இரைச்சல் சேர இடமில்லை. ஆனால் உங்கள் அண்ட்ரொய்ட் போனைச் செருகினால் செட் அதைக் கண்டுகொள்ளாது. பழைய செட் எதிர்பார்ப்பது பென் டிரைவ் போன்ற ஒரு சேமிப்பகம். இன்றைய அண்ட்ரொய்ட் போன்கள் கோப்புகளை வேறு முறையில் காட்டுகின்றன, அது இந்தச் செட்களுக்குப் புரிவதில்லை. ஆகவே ஒரு சிறிய பென் டிரைவில் பாட்டுகளைப் போட்டுச் செருகுங்கள். அதை ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்ய வேண்டும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் முறையில் வரும், பழைய செட்களுக்கு அது தெரியாது. 32 ஜிபி போதும், எம்.பி.3 வடிவில் ஆயிரக்கணக்கான பாட்டு கொள்ளும்.

தமிழில் பெயர் எழுதிய பாட்டுகளுக்குத் திரையில் வெறும் கட்டங்களோ கேள்விக்குறிகளோ வரும். ஜப்பான் செட்டுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது என்பதுதான் காரணம். அதற்காகப் பாட்டு ஓடாமல் போகாது. வண்டி ஓட்டும்போது தேடிப்பிடிக்க முடியாது என்பதுதான் குறை. கோப்புறைகளுக்கு ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் பெயர் வைத்து, முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிட்டால் அப்பாவுக்கும் எளிது. என் மனத்துக்கு இது கொஞ்சம் வருத்தம் தரும் விஷயம்தான். நம் பாட்டுகளை நம் எழுத்தில் பார்க்க வேண்டுமென்றால் புதிய அண்ட்ரொய்ட் செட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அப்பாவின் ஐபொட் கிளாசிக்குக்கு வருவோம். அப்பிள் அந்த மொடலை 2014 இல் நிறுத்தியது. ஐபொட் வரிசை முழுவதையும் 2022 இல் முடித்துக்கொண்டது. எனவே அதிலிருக்கும் பாட்டுகளுக்கு வேறோர் இடத்தில் பிரதி இருப்பது அவசியம். கணினியில் செருகி, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்தால், உள்ளே ஒரு கோப்புறையில் பாட்டுகள் எல்லாம் நாலெழுத்துக் குறிப்பெயர்களோடு கிடக்கும். பெயர் குழம்பியிருந்தாலும் பாட்டின் விவரம் கோப்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். அந்த விவரத்தைக் கொண்டு பெயரைத் திரும்ப எழுதித் தரும் இலவச மென்பொருள்கள் உண்டு. பிரதி எடுத்ததும் அதையே பென் டிரைவுக்கு மாற்றிவிடலாம். கிளாசிக்குக்குள் சுழலுவது சிறிய ஹார்ட் டிஸ்க். குழி விழுந்த வீதியில் குலுங்கினாலே அதற்கு ஆகாது, கடலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடுவதும் தவறு. அப்பிள் தன் கருவிகளைச் சேமித்துவைக்கச் சொல்லும் உச்ச வெப்பம் 45 பாகை செல்சியஸ். கொழும்பு மதியத்தில் மூடிய காரின் டாஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும்.

அப்பாவுக்கு அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பாட்டுத் தேடுவதுதான் பிடிக்கும் என்றால் அதற்கும் நல்ல வழி இருக்கிறது. ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்காதீர்கள். ஐபொட்டின் அடியில் இருக்கும் 30 முனைத் துளை வழியே லைன் அவுட் கிடைக்கிறது. அதன் அளவு நிலையானது, ஐபொட்டில் வொலியூம் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாது. ஹெட்ஃபோன் அம்பிளிபயரைத் தாண்டி வருவதால் தெளிவும் கூடும். 30 முனையிலிருந்து 3.5 மி.மீ. ஜாக்குக்கு வரும் கேபிள் ஒன்று தேடிப் பாருங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் பழைய அப்பிள் சாமான் வைத்திருக்கும் கடைகளில் கேட்கலாம்.

ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், போனின் வொலியூமை உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே, சுமார் 80 முதல் 90 வீதத்தில் வைத்துவிட்டு, பிறகு செட்டின் வொலியூமால் சரிசெய்யுங்கள். பலர் மாறிச் செய்கிறார்கள். போனில் குறைத்துவைத்துச் செட்டில் கூட்டினால், பாட்டோடு வயரில் ஏறிய இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இனி அந்தக் கீச்சொலி. இதை நின்று விளங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் இதற்காகத்தான் ஆட்கள் தேவையில்லாமல் செட்டையும் ஸ்பீக்கரையும் மாற்றுகிறார்கள். போன் தனியாக, அதன் சொந்தப் பட்டரியில் ஓடும்போது, அதற்கு ஏர்த் ஒரே ஒரு வழியாகத்தான் போகிறது: ஓக்ஸ் கேபிள் வழியாக, செட்டுக்கு. சார்ஜரைச் செருகியதும் இரண்டாவது வழி பிறக்கிறது: சார்ஜர் வழியாக, சிகரெட் லைட்டர் துளையின் ஏர்த்துக்கு. செட்டின் ஏர்த்தும் லைட்டர் துளையின் ஏர்த்தும் காரின் உடம்பில் வேறு வேறு இடங்களில் சேர்கின்றன. அந்த உடம்பில் முகப்பு விளக்கு, விசிறி, ஏ.சி எல்லாவற்றினதும் கரண்ட் திரும்பி ஓடிக்கொண்டிருப்பதால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். ஓக்ஸில் வரும் பாட்டே அரை வோல்ட் அளவுதான். ஏர்த் வளையத்தில் ஓடும் அந்தச் சிறு வித்தியாசத்தைச் செட் பாட்டென்று எடுத்துக்கொண்டு பெருக்குகிறது.

சாதாரண காரில் இந்த ஒலி இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். அது ஓல்டர்னேட்டரின், அதாவது இஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் கருவியின் குரல். உங்கள் அக்ஸியோ ஹைபிரிட்டில் அப்படியொரு ஓல்டர்னேட்டர் இல்லை. பெரிய பட்டரியின் உயர் மின்னழுத்தத்தை ஒரு மின்னணு மாற்றிதான் 12 வோல்ட் வரிசைக்கு இறக்கித் தருகிறது. ஆகவே அக்ஸிலரேட்டரை மிதித்து ஒலி மாறுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை உங்களுக்கு உதவாது. இதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஓக்ஸ் போட்டு, பாட்டை நிறுத்தி, செட்டின் வொலியூமைக் கூட்டி வையுங்கள். சார்ஜரைச் செருகுங்கள், கழற்றுங்கள். கழற்றியதும் இரைச்சல் போனால் ஏர்த் வளையமோ, சார்ஜரின் அழுக்கான மின்சாரமோ காரணம். எது என்று அறிய, அதே போனைப் பவர் பேங்கில் செருகிப் பாருங்கள். பவர் பேங்க் காரோடு இணைந்திருக்கக் கூடாது. அமைதியாக இருந்தால் கேபிளிலும் செட்டிலும் குறையில்லை. பிறகு காரில் இன்னொரு தரமான சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் பெருமளவு குறைந்தால் பழைய சார்ஜர்தான் குற்றவாளி. அப்படியே இருந்தால் ஏர்த் வளையம்.

ஏர்த் வளையத்துக்கு மருந்து, கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று விற்கும் ஒரு சிறு உருளை. ஓக்ஸ் கேபிளுக்கு நடுவே போட வேண்டும். உள்ளே இருப்பது இரண்டு சிறு டிரான்ஸ்போமர்கள், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. பாட்டு காந்தப் புலமாகத் தாண்டிப் போகும், ஏர்த் அறுந்துவிடும். மிக மலிவானவற்றில் டிரான்ஸ்போமரின் இரும்பு சிறியது, அதனால் ஆழ்ந்த ஒலி மெலியும். மிருதங்கத்தின் தொப்பியும் தவிலும் கேட்கிறவருக்கு அந்த இழப்பு தெரியும். கொஞ்சம் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஓக்ஸில் செருகும் சிறிய புளூடூத் ரிசீவர்களிலும் இதே கதைதான். போன் எங்கேயோ பையில் இருந்தாலும், அந்த ரிசீவர் லைட்டர் துளையில் மின்சாரம் எடுத்து ஓக்ஸில் பாட்டைக் கொடுத்தால் வளையம் பூர்த்தியாகிவிடும். உள்ளே சொந்தப் பட்டரி உள்ள ரிசீவரை வாங்கி, வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுவருவது நல்லது. உங்கள் நிலைமைக்கு நான் சொல்லும் முதல் சிபாரிசும் இதுதான்: செட்டில் புளூடூத் ஓடியோ இல்லாமல், ஓக்ஸ் அல்லது வி.டி.ஆர் மட்டும் இருந்தால், பட்டரி உள்ள ரிசீவர் ஒன்றும், அப்பாவுக்கு ஐபொட் லைன் அவுட் கேபிள் ஒன்றும். செட்டை மாற்றத் தேவையே வராது.

எஃப்.எம் டிரான்ஸ்மிட்டரைக் கடைசித் துணையாக மட்டும் வையுங்கள். ஜப்பானின் எஃப்.எம் வரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கிப் பழைய செட்களில் 90 இல் முடிகிறது. நம் நாட்டின் வரிசை 108 வரை போகிறது. சூரியன், சக்தி, தென்றல் எல்லாம் ஜப்பான் காரில் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அன்டெனா வயரில் பேண்ட் எக்ஸ்பான்டர் என்ற பெட்டியைப் பூட்டுகிறார்கள். அது மேலே உள்ள அலைவரிசைகளைக் குறித்த அளவு கீழே இறக்கிச் செட்டுக்குக் கொடுக்கும். டிரான்ஸ்மிட்டரின் அலையும் அதே அன்டெனா வழியே வருவதால் அதுவும் இறங்கும். டிரான்ஸ்மிட்டரில் 88.5 என்று வைத்துவிட்டுச் செட்டிலும் 88.5 தேடினால் சரியாக அகப்படாதது அதனால்தான். உதாரணமாக எக்ஸ்பான்டர் 14 மெகாஹேர்ட்ஸ் இறக்குகிறது என்றால், டிரான்ஸ்மிட்டரில் 100 வைத்துச் செட்டில் 86 ஐத் தேட வேண்டும். இறக்கும் அளவு அந்தப் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். கொழும்பு வானில் காலியான இடம் கண்டுபிடிப்பதே கஷ்டம். கண்டுபிடித்தாலும், கண்டிப் பக்கமோ யாழ்ப்பாணப் பக்கமோ போகப் போக அங்கே வேறொரு நிலையம் வந்து உட்கார்ந்துவிடும். எல்லாம் சரியாக அமைந்தாலும் எஃப்.எம் ஒலிபரப்பு 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் கொண்டுவராது. வேறு வழியே இல்லாத செட்டானால், அன்டெனா வயருக்கு நடுவே நேரடியாகப் பூட்டும் வயர் மொடுலேட்டர் அதைவிட எவ்வளவோ மேல். பாட்டுப் போடும்போது வெளி அன்டெனாவை அது துண்டித்துவிடும்.

செட்டை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள். டொயோட்டாவின் ஜப்பான் செட்கள் பல 200 மி.மீ. அகலம், டபுள் டின் என்று சொல்லும் உலகப் பொது செட் அளவு 180. இடைவெளியை மூடும் சட்டமும் சேர்த்து வாங்குங்கள். அடுத்து, தொழிற்சாலைக் கனெக்டரை வெட்ட விடாதீர்கள். டொயோட்டாவின் கனெக்டருக்கும் புதுச் செட்டுக்கும் நடுவே போடும் ஹார்னஸ் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நம் வெக்கையில் பசை இளகிக் கழன்றுவிடும். ஸ்பீக்கரின் எதிர்முனை வயரை வசதிக்காகக் காரின் உடம்பில் பூட்டும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கும், ஒன்றை ஏர்த்தில் தொட்டால் உள்ளே இருக்கும் அம்பிளிபயர் எரியும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: ஹைபிரிட்டின் 12 வோல்ட் பட்டரி சிறியது. நிறுத்திவைத்து நெடுநேரம் பாட்டுக் கேட்பதானால், கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியும் நிலையில், திறந்த வெளியில் நின்று கேளுங்கள். மூடிய கராஜில் அப்படிச் செய்யக் கூடாது, இடையிடையே இஞ்சின் தானாக ஓடும்.

மாமாவின் படகுக்கு வருகிறேன். காரில் கழற்றிய அந்த நெவிகேஷன் செட்டைப் படகில் பூட்ட வேண்டாம். மின்சாரம் அறுந்தால் பூட்டிக்கொள்ளும் செட், பட்டரியை அடிக்கடி துண்டிக்கும் படகுக்குச் சரிவராது. உப்புக் காற்று அதன் சர்க்கிட் பலகையைச் சீக்கிரமே பச்சை பிடிக்க வைக்கும். சாதாரண கார் செட்தான் கையில் இருக்கிறது என்றால், கெபினுக்குள், நேரே காற்றும் தெறிப்பும் படாத உயரத்தில் பூட்டலாம், ஆயுள் குறைவு என்று தெரிந்துகொண்டு. வெளித்தட்டில் பூட்டுவதானால் படகுக்கென்றே செய்தது வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் ஐ.பி.எக்ஸ் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் தாரையாக அடிக்கும் நீரைத் தாங்கும், 6 என்றால் பலமான தாரையை, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம்.

வாங்கும் முன் பட்டரியை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 12 வோல்ட் வரிசையா, 24 ஆ? 24 என்றால், அநேகர் செய்யும் காரியம், தொடராக இணைத்த இரண்டு பட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுப்பது. தூரப் பஸ்களிலும் இதைக் காணலாம். இதைவிடக் கெட்ட வழி கிடையாது. ஒரு பட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், சார்ஜாகும்போது மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும், கடைசியில் இரண்டுமே போகும். பஸ் என்றால் வீதியோரத்தில் நிற்கும். பலநாள் படகு நடுக்கடலில் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. 24 இலிருந்து 12 க்கு இறக்கும் கொன்வேர்ட்டர் ஒன்று, 10 அம்பியராவது தாங்கக்கூடியதாக, உலோக உறை போட்டதாக வாங்குங்கள்.

அதே காரணத்தால் பாட்டுக்கும் இஞ்சின் ஸ்டார்ட்டுக்கும் ஒரே பட்டரி வரிசை வேண்டாம். விளக்கு, பாட்டு, சார்ஜருக்கு வேறாக ஒரு பட்டரி இருக்கட்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அளவைப் பார்த்து நிறுத்தும் பழக்கம் வேண்டும். ஈய அமிலப் பட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் மிச்சம். அதற்குக் கீழே பாட்டு வேண்டாம். செட்டின் மஞ்சள் வயர் நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் வைக்க எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். காரில் அது பெரிய விஷயமில்லை. துறைமுகத்தில் வாரக்கணக்கில் நிற்கும் படகில் அதுவே பட்டரியைத் தின்றுவிடும். மஞ்சளையும், செட்டைப் போட்டு அணைக்கும் சிவப்பு வயரையும் சேர்த்து ஒரே சுவிட்சின் கீழ் கொண்டுவாருங்கள். நிலையங்களின் நினைவு அழியும், பட்டரி பிழைக்கும்.

ஃபைபர் படகுக்குக் காரைப் போல உலோக உடம்பு கிடையாது. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் எதிர்முனை வயரைத் தனியாகக் கொண்டுபோய், பட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பொதுப் பட்டையில் சேர்க்க வேண்டும். இதனால் ஒரு நன்மையும் உண்டு. எல்லா ஏர்த்தும் ஒரே இடத்தில் சேர்வதால், காரில் பார்த்த ஏர்த் வளையம் இங்கே பெரும்பாலும் வராது. இரும்பு, அலுமினியப் படகானால் உடலையே எதிர்முனையாகப் பாவிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உப்புநீரில் அந்தக் கரண்ட் உடலையே அரித்துவிடும்.

வயரின் தடிப்பும் முக்கியம். பட்டரியிலிருந்து செட் 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செப்பு வயரில் 10 அம்பியர் போனால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், செட் பட்டரி இறங்கிவிட்டதென்று நினைத்து நின்று நின்று ஓடும். 4 சதுர மி.மீ. ஆனால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. வெள்ளீயம் பூசிய செப்பு வயராக இருந்தால் உப்பு உள்ளே ஏறி இழைகளைக் கறுப்பாக்காது. விலை கூடத்தான், இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பியூஸைச் செட்டின் பின்னால் மட்டும் போட்டால் போதாது. பட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே உள்ள வயர் உராய்ந்து தேய்ந்தால் தீப்பிடிப்பது அங்கேதான். அமெரிக்கப் படகுத் தரவிதிகள் பட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 18 செ.மீ. இற்குள் பியூஸ் வேண்டும் என்கின்றன. அதையே பின்பற்றுங்கள். பெற்றோல் இஞ்சின் வைத்த உல்லாசப் படகுகளில், பொல்கொடையில் ஓடுவன போல, எரிபொருள் தாங்கிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக்கூடிய சுவிட்சோ இணைப்போ இருக்கவே கூடாது.

ஸ்பீக்கருக்குள் இருப்பது பலமான காந்தம். திசைகாட்டிக்குப் பக்கத்தில் பூட்டினால் முள் விலகும். ஜி.பி.எஸ் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது, அது நிற்கும் நாளில் திசைகாட்டிதான் துணை. திருகாணி போடும் முன் ஸ்பீக்கரை அந்த இடத்தில் கையால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் அசைந்தாலும் இடத்தை மாற்றுங்கள். பிறகு செட்டைப் போட்டு அணைத்தும் பாருங்கள். மின்வயரிலும் காந்தப் புலம் உண்டு. நேர்முனை, எதிர்முனை வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழிக்கும்.

படகுகள் ஒன்றோடொன்றும் கரையோடும் பேசும் வி.எச்.எஃப் வானொலியையும் சோதிக்க வேண்டும். ஆபத்து அழைப்பு வரும் 16 ஆம் சனல் 156.8 மெகாஹேர்ட்ஸ். மலிவான கொன்வேர்ட்டரும் போன் சார்ஜரும் அந்த அலைவரிசையிலேயே இரைச்சலை எழுப்பக்கூடும். வெற்று இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் கேட்கும் வரை திறந்து வைத்துவிட்டு, செட்டையும் கொன்வேர்ட்டரையும் சார்ஜரையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். இரைச்சலின் குரல் மாறினால், தூரத்தில் உள்ள மெல்லிய அழைப்பு இனி கேட்காது என்று பொருள். அந்தக் கருவியை அன்டெனா கேபிளிலிருந்து விலக்குங்கள், வயரில் இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் வளையம் ஒன்றைக் கவ்வ வையுங்கள், அப்படியும் மாறாவிட்டால் கருவியையே மாற்றுங்கள். பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடினாலும் 16 ஆம் சனல் அதற்கு மேலே கேட்கும்படி இருக்க வேண்டும். வானொலியின் ஸ்பீக்கரைச் சுக்கானில் நிற்பவரின் காதுக்குப் பக்கத்திலும் பாட்டு ஸ்பீக்கர்களைப் பின்பக்கத்திலும் வைத்தால் இது தானாக அமைந்துவிடும்.

படகில் போனை இணைப்பதற்குப் புளூடூத்தைத்தான் சொல்வேன். ஓக்ஸ் ஜாக்கும் யூ.எஸ்.பி துளையும் உப்பு ஏறுவதற்குத் திறந்த வாசல்கள். பாவிக்காத துளைகளை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு, போனை நீர்புகாப் பைக்குள் வைத்தபடியே பாட்டுப் போடலாம். கரையை விட்டுப் போனதும் இணையம் இல்லை, ஆகவே பாட்டுகள் போனிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

கார் செட்டின் மொடல் இலக்கமும் (திரையின் ஓரத்திலோ கார்டு போடும் கதவின் உள்ளேயோ இருக்கும்), படகில் மல்டிமீட்டர் காட்டிய வோல்ட்டும் தெரிந்தால் எந்தக் கேபிள், எந்தக் கொன்வேர்ட்டர் என்று குறிப்பாகச் சொல்கிறேன். அதுவரை காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம், தம்பி. பவர் பேங்க் சோதனையை மட்டும் இன்றைக்கே செய்து பாருங்கள்.